லாட்டரி லாரியான கதை

'ஆல்ஃபா என்கிறான், டெல்டா என்கிறான், ஓமிக்ரான் என்கிறான். எல்லாம் அதே இருமல், அதே ஜுரம்தானே ஸார்? இது இன்னது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வைரஸ் நெற்றியில் நாமமா போட்டிருக்கிறது?' என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. கிட்டத்தட்ட நாமம்தான். அதைப் படிக்கத் தெரியவேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு போஸ்ட் கார்டு ஞாபகம் இருக்கும். சாமி பெயரைப் போட்டு, 'இதைப் பார்த்து எழுதி 13 பேருக்கு அனுப்பவும். அனுப்பிய ஒருவருக்கு லாட்டரியில் 5 லட்சம் அடித்தது. அனுப்பாதவருக்கு ரத்த வாந்தி' என்று வரும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பயந்துபோய் எழுதி அனுப்புவார்கள்.

யாரோ ஒருவர் அவசரத்தில் 'லாட்டரியில் 5 லட்சம் அடித்தது' என்பதை 'லாரியில் அடித்தது' என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். அவரிடம் கார்டு பெற்ற 13 பேரும் யோசிக்காமல் லாரியையே எழுதுவார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய 169 பேரும் அப்படியே. அதில் ஒருவர் 'ரத்த வாந்தி'யை 'ரத்த வந்தி' ஆக்குகிறார். இனி, லாரி மட்டும் உள்ள கார்டு ஒரு கிளை. லாரியும் வந்தியும் சேர்ந்து வந்தால் அதற்குள் ஒரு உபகிளை. ஊரில் உள்ள கார்டுகளை எல்லாம் சேகரித்து மேஜைமேல் பரப்பினால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு வம்ச விருட்சமே வரைந்துவிடலாம். தாத்தா உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடுகளைச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்த்தாரே, ஏறக்குறைய அதே வேலை.

வைரஸ் அந்தப் போஸ்ட் கார்டு. நம் செல்லுக்குள் நுழைந்து, 'என்னைப் பார்த்து எழுதி அனுப்பு' என்பதைத் தவிர அதற்கு வேறு ஜோலி கிடையாது. நமக்கு 247 எழுத்து. வைரஸுக்கு நாலே எழுத்து. கொரோனா வைரஸின் முழு வாசகமும் சுமார் 30,000 எழுத்து. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலம். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். அதன் உடம்பெல்லாம் குத்திட்டு நிற்கிறதே முள், அந்த ஸ்பைக் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள். நம் செல்லின் கதவைத் திறக்கும் சாவி அதுதான். நம் எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஆகவே அதில் எழுத்து மாறினால் விஞ்ஞானிகளுக்குத் தூக்கம் போகிறது.

இத்தனைக்கும் கொரோனா வைரஸ் கூடவே ஒரு ப்ரூஃப் ரீடரையும் வைத்திருக்கிறது. தப்பாகச் சேர்ந்த எழுத்தை வெட்டி எறிய ஒரு என்ஸைம். பல வைரஸ்களுக்கு இந்த வசதி இல்லை. அப்படியும் பிழைகள் தப்பிவிடுகின்றன, பத்திரிகை ஆபீஸ் போலவே. ஒரு வம்சத்தில் மாதத்துக்கு சுமார் 2 எழுத்து. நிறையப் பிழைகளால் ஒரு மாற்றமும் இல்லை. சில பிழைகள் வைரஸையே ஒழித்துவிடும். எப்போதாவது ஒன்று அதற்கு லாபகரமாக அமைந்துவிடுகிறது. 'மூன்று நாளில் அனுப்பவும்' என்பது கைதவறி 'மூன்று மணியில்' என்று ஆனால் அந்தக் கார்டு மற்றதை முந்திவிடும் இல்லையா? கார்டுக்கு மூளை இருக்கிறது என்று அர்த்தமில்லை. வைரஸுக்கும் திட்டம் எதுவும் கிடையாது.

முதலில் பிரபலமான பிழை டி614ஜி. பயப்படாதீர்கள், பஸ் நம்பர் மாதிரிதான். ஸ்பைக்கின் 614-வது இடத்தில் 'டி' என்கிற அமினோ அமிலம் போய் 'ஜி' வந்திருக்கிறது. முப்பதாயிரத்தில் 23,403-வது எழுத்து ஒன்று மாறியதன் பலன். 2020 தொடக்கத்தில் அபூர்வமாக இருந்தது, சில மாதங்களில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் பெட் கோர்பர் குழு இதைச் சொன்னபோது, 'இது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாமே' என்று பலர் ஆட்சேபித்தார்கள். நல்ல ஆட்சேபம். பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள ஹோட்டலில் கூட்டம் அலைமோதினால் சாம்பார் பிரமாதம் என்று பொருளில்லை. இடம் அப்படி. பிறகு சோதனைச்சாலையில் பார்த்ததில் இந்தப் பிழை உள்ள வைரஸ் செல்களில் சுலபமாக நுழைவது தெரிந்தது. சாம்பாரும் நன்றாகத்தான் இருந்தது.

விஞ்ஞானிகள் இவற்றுக்குச் செல்லப் பெயர்கூட வைத்தார்கள். டி614ஜி 'டக்'. என்501ஒய் 'நெல்லி'. இ484கே 'ஈக்', பயந்தவர்கள் கத்துகிற மாதிரி. முதலில் கண்ட ஊரின் பேரை வைரஸுக்கு வைத்து அந்த ஊரைத் திட்டும் பழக்கம் வளரவே, 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. இங்கிலாந்தில் கண்டது ஆல்ஃபா. இந்தியாவில் கண்டது டெல்டா.

ஊர்ப் பெயரை எடுத்தாகிவிட்டது. ஊரைத் திட்டுவது நின்றதா?

2021 நவம்பர். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாநிலம். பி.சி.ஆர். சோதனைகளில் ஒரு வகை, வைரஸில் மூன்று இடங்களைத் தேடும். சில சாம்பிள்களில் இரண்டு இடம் தெரிகிறது, ஸ்பைக்கில் உள்ள மூன்றாவது மட்டும் தெரியவில்லை. ஸ்பைக்கில் 69, 70 ஆகிய இரண்டு இடங்கள் காணாமல் போயிருந்தால் இப்படி ஆகும். ஆல்ஃபாவில் அப்படித்தான் ஆனது. ஆனால் அப்போது ஊரை ஆண்டது டெல்டா. அதில் மூன்றும் தெரியவேண்டும். அலட்சியமான ஆளாக இருந்தால் 'கிட் சரியில்லை' என்று குப்பையில் போட்டிருப்பார். அவர்கள் போடவில்லை. முழு வாசகத்தையும் படித்தார்கள். பக்கத்து பாட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோவின் குழுவும் அதையே படித்துக்கொண்டிருந்தது. ஸ்பைக்கில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாறுதல்கள்!

ஒளிக்கவில்லை. நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். 25-ம் தேதி டூலியோ டி ஒலிவேரா பத்திரிகையாளர்களைக் கூட்டி உலகத்துக்குச் சொன்னார். 26-ம் தேதி 'ஓமிக்ரான்' என்று நாமகரணம்.

பரிசு? 25-ம் தேதி இரவே பிரிட்டன் ஆறு தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் விமானங்களை நிறுத்துவதாக அறிவித்தது. மற்ற நாடுகளும் வரிசையாகக் கதவைச் சாத்தின. விமானம் நின்றால் டூரிஸ்ட் மட்டுமா வரமாட்டார்? வைரஸைப் படிக்கத் தேவையான ரசாயனங்களும் விமானத்தில்தான் வரவேண்டும். வீடு பற்றி எரிகிறது என்று முதலில் கத்தியவன் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயை மூடிய மாதிரி.

இதில் வேடிக்கை, அதே மாத இறுதியில் நெதர்லாந்து தன் பழைய சாம்பிள்களைத் தோண்டிப் பார்த்தது. நவம்பர் 19-லேயே அங்கே ஓமிக்ரான் இருந்திருக்கிறது! கண்டுபிடிப்பதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது. டிசம்பர் 15 அன்று பிரிட்டன் தன் சிவப்புப் பட்டியலைக் காலி செய்தது. அதற்குள் லண்டனிலேயே ஓமிக்ரான் ஜாம்ஜாமென்று குடியேறியாகிவிட்டது.

இந்தக் கதை புதிதல்ல. ஷாங்காயில் ஜாங் யோங்ஜென் என்ற விஞ்ஞானி, கொரோனாவின் வாசகத்தை முதலில் படித்தவர்களில் ஒருவர். 2020 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலிய நண்பர் எட்வர்ட் ஹோம்ஸ் மூலமாக உலகம் பார்க்க அதை வெளியிட்டார். இரண்டே நாளில், ஜனவரி 13 அன்று, அமெரிக்காவில் மாடர்னா தடுப்பூசியின் வரைபடம் முடிந்துவிட்டது. வைரஸ் கையில் வராமலே, எழுத்தை மட்டும் வைத்து! கோடிக்கணக்கான கைகளில் ஊசி ஏற இதுதான் பிள்ளையார் சுழி. ஜாங்குக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மறுநாளே ஆய்வுக்கூடத்தைச் 'சீர்திருத்தத்துக்காக' மூடச் சொல்லி உத்தரவு. 2024 ஏப்ரலில் மறுபடியும் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்யச் சொல்ல, வாசலில் படுத்துத் தூங்கினார் மனிதர். பழுது பார்க்கிறோம் என்றது நிர்வாகம். உலகமே பார்த்துவிட்டதால் பிறகு உள்ளே விட்டார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், கார்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 மே மாதம் 'அவசரநிலை முடிந்தது' என்று அறிவித்தது மனிதர்களுக்கு. வைரஸுக்கு நகல் போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்பைக்கில் 30-க்கு மேற்பட்ட புது மாறுதல்களோடு பிஏ.2.86 தலைகாட்டியது. அதன் பேரப்பிள்ளைகளைப் பார்த்து 2024-ல் தடுப்பூசியையே மாற்ற வேண்டியிருந்தது. ஓமிக்ரான் வந்தபோது, ஆளுக்குப் பல ஆயிரம் செலவில் ஏற்றிய சில எதிர்ப்புப் புரத மருந்துகள் ஒரே குளிர்காலத்தில் செல்லாக் காசாயின. அவற்றை நிறுத்தச் சொன்னதும் இந்த எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆட்களின் கணக்குதான்.

உலகம் முழுக்கச் சேர்த்து ஒன்றரைக் கோடிக்கு மேல் வாசகங்களைப் படித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2022-க்குப் பிறகு படிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. பணம் இல்லை, ஆர்வம் இல்லை, 'அதான் போயிடுச்சே' என்கிற நிம்மதி வேறு.

அடுத்த முறை இது எங்கோ ஒரு சின்ன ஊர் லேபில், மூன்றில் ஒன்று தெரியாத சோதனையாகத்தான் வந்து நிற்கும். அதைப் பார்க்கிற பெண்ணோ பையனோ ஃபோனை எடுப்பதற்கு முன் அரை நிமிஷம் யோசிப்பார்கள். 'சொன்னால் நம் ஊருக்கு விமானம் நிற்குமா? லேபுக்குப் பூட்டு விழுமா?' என்று. அந்த அரை நிமிஷத்தில் அவர்கள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டால், நமக்கு விஷயம் தெரிவது ஆஸ்பத்திரி வாசலில்தான்.