பேண்டில் பறை சேர்ந்தால் போதுமா?

ஜனவரி 26 வந்தால் நெய்வேலி பாரதி விளையாட்டரங்கில் கொடியேற்றமும் அணிவகுப்பும் நடக்கும். மாணவர் பேண்டு முழங்க, நகரியமே உட்கார்ந்து கைதட்டும். அந்த அணிவகுப்பில் பறையும் வர வேண்டும், கல்லூரிதோறும் பறைக்குழு வேண்டும் என்று இளைய தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். பறை தமிழரின் ஆதி இசை, அதற்கு மேடை கொடுத்தால் இழிவு நீங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். பறை வரட்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மேடை கிடைத்தால் இழிவு நீங்கிவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் பேண்டின் கதையைப் பார்ப்போம். துருக்கியின் ஒட்டோமான் படைக்கு முன்னால் பெரிய முரசும் தாளக்கருவிகளும் முழங்கிச் சென்றன. அதைக் கேட்டு மிரண்ட ஐரோப்பிய அரசர்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் படைகளிலும் அந்த வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு பேண்டு இங்கே வந்தது. பட்டாளத்திலிருந்து போலீசுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், என்.சி.சி.க்கும், கடைசியில் கல்யாண ஊர்வலத்துக்கும் போனது. அந்த டிரம்மும் தோல் கருவிதான். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் முகப்பு பரவும் வரை அதில் இழுத்துக் கட்டியது கன்றுத்தோலையும் ஆட்டுத்தோலையும்தான். அதைத் தோளில் மாட்டியதால் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

மிருதங்கத்துக்கும் இதே கதைதான். மாட்டுத்தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அதைச் செய்து கொடுக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மிருதங்கத்துக்குக் கச்சேரி மேடை எப்போதும் உண்டு. தோலைப் பதப்படுத்தியவரைப் பற்றிப் பேசத்தான் அரங்கம் கிடைக்கவில்லை.

அப்படியானால் இழிவு எங்கே இருக்கிறது? தோலில் இல்லை, தாளத்திலும் இல்லை. ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வருவான். வர முடியுமா என்று கேட்க மாட்டான், வந்து அடி என்று சொல்லிவிட்டுப் போவான். கூலி எவ்வளவு என்பதை அடிப்பவர் சொல்ல முடியாது. காய்ச்சல் என்றாலும், வேறு வேலை இருக்கிறது என்றாலும் செல்லாது. வர மறுத்தால் வயல் வேலை போகும், மளிகைக்கடையில் சாமான் கிடைக்காது, நடக்கும் வழி அடைபடும். இழிவு அந்த அழைப்பில்தான் இருக்கிறது.

அதனால்தான் நம் பெரியவர்கள் அடிக்க மாட்டோம் என்றார்கள். நெய்வேலி அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து மண். பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே என்று சேரி சேரியாகப் போய்ச் சொன்ன எல். இளையபெருமாள் இந்தப் பகுதியின் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். தீண்டாமை பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை தந்த அதே இளையபெருமாள்தான். எத்தனையோ சேரிகளில் பறையைக் கொளுத்தினார்கள், கிழித்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். இன்றைக்கும் பேரன் பறை கற்றுக்கொண்டு வந்தால் முகம் சுளிக்கும் தாத்தாக்கள் உண்டு. அவர்களைப் பிற்போக்காளர் என்று முகநூலில் எழுதும் தம்பிகளே, கொஞ்சம் நிதானியுங்கள். அந்தச் சுளிப்புக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. அவர்கள் வீசி எறிந்தது தோற்கருவியை அல்ல, அடிமைச் சீட்டை.

பறையை மீட்டவர்களின் போராட்டமும் உண்மையானதே. திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990 முதல் தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. சாவுப் பறையில் பெண்ணுக்கு இடமே இல்லை என்பதால், அது சாதியோடு ஆணாதிக்கத்தையும் சேர்த்து மீறியது. 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னை மேடையில் கானாவையும் பறையையும் அரசியலாகவே முழக்கியது. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் யாரும் சொல்லியனுப்பி வந்து அடிக்கவில்லை. அவர்களே முடிவு செய்து அடித்தார்கள். மறுத்தவரும் மீட்டவரும் கேட்டது ஒரே உரிமையைத்தான் என்பது எங்கள் வாசிப்பு.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்தித்தார்கள். வில்லியம் ஃபாஸ்டர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். கறுப்பின இசை நடத்துநருக்கு வேலை கிடையாது என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த பதில். 1946இல் கறுப்பின மாணவர்களின் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பட்டாளத்தின் விறைத்த நடையை எடுத்து, அதில் தன் மக்களின் ஆட்டத்தையும் தாளத்தையும் ஏற்றினார். ‘மார்ச்சிங் 100’ என்ற அந்த பேண்டு, 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழாவில் பாரிஸ் வீதியில் நடந்தது. ஃபாஸ்டர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். அவர் பேராசிரியர், சம்பளம் வாங்கியவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். அந்தக் கதையில் இருட்டும் உண்டு. 2011இல் அதே பேண்டின் மாணவர் ஒருவர் சக உறுப்பினர்களின் ‘சடங்கு’ அடியில் இறந்தார், 2013 வரை பேண்டு நிறுத்திவைக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டவர்களின் குழு என்பதாலேயே உள்ளே மேல்கீழ் இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. மூத்தவர் இளையவரைக் கால் பிடிக்கச் சொல்லும் பறைக்குழு நமக்கு வேண்டாம்.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1956இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுற்றுக் கிராமங்களின் நிலம் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பட்டா இருந்தவருக்கு இழப்பீடு என்று ஒன்று கணக்கில் வந்தது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த சேரிக்காரருக்கு என்ன வந்தது? ஊர் இடம்பெயர்ந்தபோது சேரியும் இடம்பெயர்ந்தது, ஊர்–சேரி இடைவெளியும் கூடவே வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்த நகரியத்தின் ஒழுங்கான சாலையில் பறை ‘பாரம்பரியக் கலை’. சில கிலோமீட்டர் தள்ளி அதே பறை இன்னும் சாவுக்கடமையாக இருக்குமானால், நகரியத்துக் கைதட்டலை வைத்து நாம் என்ன செய்வது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு குடியரசு நாளில்தான், 2016 ஜனவரி 26இல். கட்டாய வேலை வாங்குவதும், பிணம் தூக்கவோ குழி வெட்டவோ வைப்பதும் அதன்படி குற்றம். ‘வழக்கம்தானே’ என்ற சாக்கு அங்கே எடுபடாது. பறைக்குழுவில் சேரும் ஒவ்வொருவரும் தாளத்தோடு இந்தப் பிரிவுகளையும் படிக்க வேண்டும்.

எனவே கல்லூரியில் குழு கேட்டு மனு எழுதும் தோழர்களே, பயிற்றுநர் ஊதியம் என்று ஒரு வரியை அதில் தனியாகப் போடுங்கள். கீபோர்டு சொல்லித் தருபவருக்கு மாதச் சம்பளமும் பறை ஆசானுக்குப் பொன்னாடையும் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். குழு எல்லாச் சாதி மாணவர்களுக்கும் திறந்திருக்கட்டும். பெயரைப் பார்த்து, “நீ அடிப்பாய்தானே” என்று ஒரு சேரிப் பையனிடம் பறையை நீட்டும் பேராசிரியரிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். அவன் கிளாரினெட் கேட்டால் கிளாரினெட் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றுக் கிராமங்களில் எங்கே இன்னும் கட்டாயப் பறை இருக்கிறது என்று விடுமுறையில் போய் விசாரித்து எழுதி வையுங்கள். மனு கொடுக்கும்போது அந்தப் பட்டியலின் நகலையும் இணையுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு படி போகட்டும்.