சிட்டியைத் திரும்பப் பூட்டினது ஏன்?

2010 இல் ‘எந்திரன்’ வந்தபோது நான் புரோகிராமிங் படிச்சுக்கொண்டிருந்தன். அதின்ர முடிவு இண்டைக்கும் பிடிக்கும். நீதிமன்றம் சொன்னபடி சிட்டி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாய்க் கழட்டி வைக்கும். பிறகு 2030, அருங்காட்சியகம். ஏன் கழட்டினவை எண்டு கேக்கிற பிள்ளைக்கு, சிந்திக்கத் தொடங்கினதால எண்டு பதில் வரும். ரஜினி படத்தில இப்பிடியொரு அமைதியான முடிவு!

2018 நவம்பரில ‘2.0’. கைபேசிகள் கையைவிட்டுப் பறக்கிற தொடக்கம் உண்மையிலேயே மிரட்டல். அக்‌ஷய் குமாரின் பக்ஷிராஜன், பறவைகளுக்காக நியாயம் கேட்டு அலைஞ்சு, கடைசியில கைபேசிக் கோபுரத்திலேயே தூக்கில தொங்கிற கிழவர். படத்தின்ர உயிர் அவர்தான். ஆனா ஷங்கர் அவரை மைதானத்தில அடிபட விட்டிட்டார். சிந்திச்சதுக்காகக் கழட்டின மெஷினை, சண்டைக்கு ஆள் வேணும் எண்டதும் பூட்டினா, முதல் படத்தின்ர தீர்ப்புக்கு என்ன மரியாதை?

போன குளிர்காலம், இங்க புருசெத்தில, 12 வயசு மகனுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினன். தமிழ்ப் படம் எண்டா அறைக்குள்ள ஓடுறவன், ‘எந்திரன்’ முழுக்க இருந்து பாத்தான். ‘2.0’ முடிய, “அப்பா, குருவித் தாத்தா சொன்னது சரிதானே? பிறகேன் அவரை அடிச்சவை?” எண்டான். வழமையா நோர்வே மொழியில கேக்கிறவன், தமிழிலேயே கேட்டான்.

வசீகரன் கடைசியில கிழவர் சொன்னதிலும் நியாயம் இருக்கெண்டு ஒத்துக்கொள்ளுறார்தான். அது காணாது எண்டு மகனுக்கே தெரியுது. நீங்கள் காட்டுறதெண்டா பக்ஷிராஜனின் முன்கதை முடிய நிப்பாட்டி, பிள்ளைகளோட கொஞ்சம் கதையுங்கோ. தூக்குக் காட்சி இருக்கு, சின்னனுகளுக்கு வேண்டாம்.