இது கவிதைப் பொருளன்று!

“இது கவிதைப் பொருளன்று!” ஒரு மாணவனின் ஏட்டில் சிவப்பு மையால் இப்படித் தீர்ப்பெழுதியவன் வேறு யாருமல்லன், நானேதான். என்னையே முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுத்தான் பிறர்மீது வழக்குத் தொடுக்கிறேன், அன்பர்களே!

திருவொற்றியூரில் தமிழ் கற்பிப்பவன் நான். ‘இயற்கையின் எழில்’ என்று தலைப்புக் கொடுத்துக் கவிதை கேட்டேன். ஒருவன், துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர்ச் சாலையில் வரிசையாய் நின்ற கண்டெய்னர் லாரிகளுள் ஒன்று, தன் அலுப்பையும் தன் ஓட்டுநரின் பசியையும் தானே சொல்வதாக எழுதினான். அதுவும் இராயபுரத்துப் பேச்சு மொழியில்! லாரியாவது, பேசுவதாவது? எழில் எங்கே, இலக்கணம் எங்கே? அடித்தேன். அடுத்த முறை மயிலை எழுதினான், முழுமதியை எழுதினான், பரிசும் பெற்றான். அந்தக் கவிதையில் மயில் ஆடிற்று, மதி ஒளிர்ந்தது, அவன் மட்டும் அதில் இல்லை!

எது கெட்ட கற்பனை? அதை அளக்கும் கோலைச் செய்தவர் யார்? பழகிய பாதைக்கு நல்லது என்று பெயர். பழகாத பாதைக்குக் கெட்டது என்று பெயர். இதற்குத்தானே நாம் இரசனை என்று மகுடம் சூட்டியிருக்கிறோம்?

எங்கள் வட்டாரமே இதற்குச் சான்று தரும். கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017 சனவரியில் ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வெளிவந்தது. அதன் திட்டத்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பண்டிதர்கள் பதறியிருக்க மாட்டார்களா? கருநாடக இசையாம், அதில் சென்னைத் தெருப்பேச்சாம், பாடுபொருள் அனல்மின் நிலையச் சாம்பல் தூர்த்த கழிமுகமாம், தலைப்போ வசைச்சொல்லாம்!

கபேர் வாசுகி எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார். வேடிக்கைக்காகப் பாடவில்லை. ஆனந்தபைரவி முதலான இராகங்களை மாலையாகத் தொடுத்து, மேடைக் கச்சேரிக்குரிய அதே கண்டிப்போடு பாடினார். ஏரியும் ஆறும் மேய்ச்சல் நிலமுமாய், தனியொருவர்க்கு உரிமையாகாமல் ஊருக்கே பொதுவாய்க் கிடந்தது புறம்போக்கு. விற்க முடியாததற்கு விலையில்லை, விலையில்லாததற்கு மதிப்பில்லை என்ற மனப்போக்கு, அச்சொல்லை ஏசும் சொல்லாக்கிற்று. பாட்டு அந்த ஏச்சையே ஏந்தி, இழந்த பொருளை மீட்டது. நாகரிகமான சொல்லை நாடியிருந்தால் அந்த மீட்பு நிகழ்ந்திருக்குமா? அந்த இராகங்கள் இல்லையேல், எண்ணூரின் முறையீடு சபாக்களின் செவியில் விழுந்திருக்குமா? குறையென்று கருதத்தக்க ஒவ்வொன்றுமே அதன் வலிமையாயிற்று!

முன்னரும் இது நடந்ததே. தொழுநோயில் உருக்குலைந்து போகிறவனைக் கதைத் தலைவனாக்கித் திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம் ‘இரத்தக்கண்ணீர்’. அழகிய முகத்தைக் காணவன்றோ மக்கள் வருவர் என்று எண்ணியிருந்தால், எம்.ஆர். ராதாவின் அந்த நடிப்பை நாடு கண்டிருக்காது. 1954இல் அது திரைப்படமுமாயிற்று. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவில் எழுவது அந்தப் படமே.

“அப்படியானால் கிறுக்கல் எல்லாம் கலையா?” என்று கேட்பீர். இல்லை. பல முயற்சிகள் பாழாகும். ஆனால், செய்து பார்த்துப் பாழாகட்டும். செய்யுமுன்னே சாகடிக்க நாம் யார்? வலை வீசுமுன்னே மீனில்லை என்று காசிமேட்டு மீனவர் கரைக்குத் திரும்புவதுண்டோ? விந்தையான எண்ணத்துக்கு வழக்கமானதைவிட மிகுந்த உழைப்பு வேண்டும். அந்த மாணவனின் கவிதையில் ஓசை இடறிற்று, முடிவு தளர்ந்தது. அவற்றைச் செப்பனிடக் கற்பித்திருக்க வேண்டியவன் நான். நானோ லாரியையே சாலையிலிருந்து அகற்றினேன்!

சென்ற வாரம் அவனிடம் அந்தத் தாளைக் கேட்டேன். “அப்பவே கிழிச்சிட்டேன் சார்” என்றான்.

ஆசிரிய நண்பர்களே! போட்டி நடுவர்களே! உங்கள் மேசைமீதும் அத்தகைய தாளொன்று கிடக்கலாம். சிவப்பு மையைச் சற்றே மூடி வையுங்கள். “முழுவதும் எழுதிக் கொண்டு வா, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். கிழிந்த பின் கேட்டால், என் கைபோல் உங்கள் கையும் வெறுங்கையாகவே திரும்பும்!