சதுப்பு நிலத்தில் ஒரு கமரா



கிராமங்களில் பெண்கள் குழுக்களைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "நான் பெரிசாப் படிக்கேல்லை அக்கா, என்னால என்ன ஏலும்?" என்பதுதான். இம்மாதம், பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜீன் ஸ்ட்ராட்டன் போர்ட்டர்.

1863இல் ஒரு விவசாயியின் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். 1886இல் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரை மணந்து, ஒரு மகளுக்குத் தாயாகி, ஜெனீவா என்ற சிற்றூரில் குடியிருந்தார். ஊரை அடுத்து லிம்பர்லொஸ்ட் என்னும் சதுப்பு நிலம் இருந்தது. ஏறத்தாழ 13,000 ஏக்கர் பரப்பில் சேறும் அடர்ந்த காடும் நுளம்பும் நச்சுப்பாம்புமாய்க் கிடந்த இடம் அது.

1890களில் கணவரும் மகளும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். அவர் தொழிலைத் தானாகவே கற்றார். குளியலறையை இருட்டறையாக்கினார். வீட்டில் வான்கோழி பரிமாறும் பெரிய தட்டங்களிலேயே படங்களைக் கழுவினார். அக்காலத்துக் கமரா பாரமானது. படம் பதிவது கண்ணாடித் தகடுகளில். அவற்றையெல்லாம் சுமந்துகொண்டு சேற்றுக்குள் போனார்.

1900இல் அவருடைய முதலாவது கட்டுரை ஒரு சஞ்சிகையில் வெளியானது. பெண்களின் தொப்பிகளை இறகுகளால் அலங்கரிப்பதற்காகப் பறவைகள் கொல்லப்படுவதைக் கண்டித்து அதை எழுதினார். செத்த பறவையைப் பஞ்சடைத்து வைத்துப் படம் எடுப்பதும் அவருக்குப் பிடிக்காது. உயிருள்ள பறவையை அதன் கூட்டிலேயே படம்பிடிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

அதற்கு அவர் கைக்கொண்ட வழி பொறுமை. கூட்டிலிருந்து எட்டத்தில் கமராவை வைப்பார். பறவை அதற்குப் பழகிய பின் சற்றுக் கிட்டக் கொண்டுபோவார். பயந்த உயிரிடம் அவசரப்பட்டு நெருங்கினால் அது கூட்டையே விட்டுப்போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். போரில் பயந்துபோன பிள்ளைகளோடு பழகும் தாய்மாருக்கும் இது தெரிந்த பாடந்தான்.

அவர் எடுத்த படங்களில் பேர்பெற்றவை ஒரு பிணந்தின்னிக் கழுகின் குஞ்சுடையவை. இந்தக் கழுகு கூடு கட்டுவதில்லை. பட்டமரப் பொந்திலோ நிலத்திலோ முட்டையிடும். தாயும் தந்தையும் அழுகிய இறைச்சியைத் தின்று வந்து கக்கி ஊட்டுவதால் அங்கே தாங்கமுடியாத நாற்றம் இருக்கும். ஜீன் கிட்டத்தட்ட மூன்று மாதம் திரும்பத் திரும்பப் போய், அந்தக் குஞ்சு பறக்கும் பருவம் வரை படம் எடுத்தார். அதற்கு 'சின்னக் கோழிக்குஞ்சு' என்று செல்லப்பெயரும் வைத்தார். எல்லோரும் அருவருக்கும் பறவையும் தன் குஞ்சுக்குத் தாய்தானே!

அந்துப்பூச்சிகளையும் வீட்டில் வளர்த்துப் படம்பிடித்தார். அவற்றில் செக்ரோப்பியா என்பது விரித்த இறக்கை 15 சென்ரிமீற்றருக்கு மேலும் வரக்கூடிய பெரிய இனம். வளர்ந்த பூச்சிக்கு உண்ண வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்ததைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து முட்டையிட்டு மடியும். 1909இல் வெளியான அவருடைய நாவலில், ஓர் ஏழைச் சிறுமி இத்தகைய பூச்சிகளைப் பிடித்து விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கிறாள். அவருடைய கதைப் புத்தகங்கள் அமோகமாக விற்பனையாகின. அந்த வரவேற்பே அவருடைய இயற்கை நூல்களும் வெளிவரக் கைகொடுத்தது.

ஆனால் மரங்கள் தறிக்கப்பட்டன. எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். 1913 அளவில் சதுப்பு நிலம் வயலாகிவிட்டது. ஜீன் ஒரு வாவிக்கரையில் காணி வாங்கி, அழியவிருந்த இடங்களிலிருந்து காட்டுச் செடிகளைப் பிடுங்கிவந்து நட்டார். 1924இல் வீதி விபத்தில் காலமானார். 1990களில் ஊர்மக்கள் சிலர் முயன்று, அந்நிலத்தின் ஒரு பகுதியில் மறுபடி நீர் தங்கச் செய்தார்கள். பறவைகள் திரும்பி வந்தன. இடையில் அழிந்துபோன காட்டில் என்னென்ன வாழ்ந்தன என்று சொல்ல, ஒரு பெண்ணின் படங்களும் குறிப்புகளும் மிஞ்சியிருந்தன.

இடம்பெயர்வில் புகைப்பட அல்பத்தைத் தொலைத்தோம் என்று நம்மில் பலர் சொல்லி அழுகிறோம். தொலைந்த படங்களை மீட்க முடியாது. ஆனால் பழைய வளவில் நின்ற மரங்களின் பெயர், குளத்துக்கு வந்த கொக்கும் நாரையும், கிணற்றடியில் கூடுகட்டிய குருவி, இவையெல்லாம் இன்னும் நம் மனதில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பலர் அந்த ஊரைக் கண்டதேயில்லை. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மரம், ஒரு பறவை என எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லப் பிள்ளை எழுதட்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண்டதைக் கண்டபடி சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?