ஏற்றமும் ஏறுமிடமும்

காஞ்சி மாநகர் சமவெளியில் அமைந்தது. அத்திகிரி எனப் போற்றப்பெறும் வரதராசப் பெருமாள் கோயிற் குன்றும் 24 படிகளில் ஏறிவிடத்தக்கதே. பனி என்றால், மார்கழி விடியலில் பாவு நீட்டிய தெருக்களில் மெல்லப் படரும் மூடுபனியை மட்டுமே நாம் அறிவோம். இத்தகைய ஊரில் வாழும் நாம், பனிமலைச் சரிவுகளில் சறுக்கி விளையாடக் கற்போரை மேலே கொண்டுசெல்லும் பொறிகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். எனினும், அப்பொறிகளின் வரலாற்றில் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை ஒன்று பொதிந்துள்ளது. அதனைக் கூறவே இக்கட்டுரை.

பனிச்சறுக்கு வீரர் கீழ்நோக்கிச் சறுக்க வேண்டுமாயின் முதலில் மேலே ஏறியாக வேண்டும். கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் அமர்ந்து ஏறும் முறை 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் தோன்றியது. அதனை வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் இரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கரன். வெப்பநாட்டுத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கொக்கிகளில் மாட்டிக் கப்பலேற்றும் பொறியே அவருக்கு முன்மாதிரியாயிற்று. கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை வைத்தார். வாழைத்தார் இருந்த இடத்தில் மனிதன் அமர்ந்தான்.

ஆனால் வாழைத்தாருக்கு அச்சமில்லை, மனிதனுக்கு உண்டு. ஓடும் நாற்காலி நிற்காமல் வந்து முழங்காலின் பின்புறம் இடிக்கும். அக்கணத்தில் அவன் அமர்ந்தாக வேண்டும். எந்த வேகத்தில் வந்தால் மனிதன் இடறாமல் அமர்வான் என்று அறிவதற்கு, ஒமாகா நகரில் கோடைக் காலத்தில் ஒரு சரக்குந்தின் பக்கவாட்டில் நாற்காலியைப் பொருத்தி, சக்கரக் காலணி அணிந்தோரை நிற்கவைத்துச் சோதித்தார்கள். மலையின் உயரத்தைக் காட்டிலும் அமரும் அந்த ஒரு கணமே அவர்களுக்குப் பெரிய வினாவாக இருந்தது.

அவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. வடத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்ட நாற்காலி, விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வேகத்தில் வருகிறது. அது நாம் நடக்கும் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வானில் செல்லும்போது எவரும் இடறுவதில்லை. ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலுமே பெரும்பாலான இடர்ப்பாடுகள் நேர்கின்றன. புதியவர் ஒருவர் இடறினால் பொறியையே நிறுத்த வேண்டியுள்ளது. அவர் ஒருவர்பொருட்டு நூறு பேர் நடுவானில் தொங்குகின்றனர். அவரோ வெட்கத்தால் குன்றிப்போகிறார்.

இதற்கு இருவகைத் தீர்வு கண்டனர். ஒன்று, நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி வடத்தினின்று பிடிவிட்டு மெல்ல ஊர்ந்து, ஆளை ஏற்றியபின் மீண்டும் வடத்தைப் பற்றும் அமைப்பு. இதற்குச் செலவு மிகுதி. மற்றொன்று, ஏறுமிடத்தில் தரையோடு பதித்த நகரும் பட்டை. சிறு கதவு உரிய நேரத்தில் திறக்கும். புதியவர் பட்டைமீது வெறுமனே நின்றால் போதும். நாற்காலி செல்லும் திசையிலேயே பட்டையும் அவரைக் கொண்டுசெல்கிறது. இருவேகங்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைவதால் நாற்காலி இடிப்பதில்லை, தழுவிக்கொள்கிறது. சிறுவர்கள் நிற்கும்போது அவர்தம் உயரத்துக்கேற்பத் தானே சற்று உயர்ந்து கொடுக்கும் பட்டைகளும் வந்துவிட்டன. இன்னும் தாழ்ந்த சரிவுகளில் முதன்முறையாகச் சறுக்குக் கட்டை பூண்டவரை, நாற்காலியே இன்றி, நகரும் பட்டையே மேலே சேர்த்துவிடுகிறது.

நம் நாட்டிலும் இவ்வேற்றப் பொறிகள் புதியன அல்ல. காசுமீரத்துக் குல்மார்க்கில் 1998இலும் 2005இலும் இருகட்டங்களாக அமைந்த கம்பிவட ஊர்தி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம்வரை செல்கிறது. தமிழகத்தில் பழனி மலைக்கு 1966இல் மின் இழுவை இரயிலும், 2004இல் ரோப்கார் என மக்கள் வழங்கும் கம்பிவட ஊர்தியும் வந்தன. காஞ்சிக்கு அண்மையிலுள்ள சோளிங்கரில் 1,305 படிகள் கொண்ட யோக நரசிம்மர் மலைக்கு 2024 மார்ச்சில் ரோப்கார் திறக்கப்பெற்றது.

நம் தெருவில் வாழும் நெசவுக்குடும்பத்து மூதாட்டி ஒருவர் முழங்கால் நோயினால் பல்லாண்டுகள் சோளிங்கர் மலையை அடிவாரத்தினின்றே கும்பிட்டுத் திரும்பியவர். ரோப்காரில் சென்று வந்தபின் நம்மிடம் சொன்னார்: "தம்பி, மேலே போகும்போது பயமே இல்லை. ஏறுகிற இடத்தில்தான் நெஞ்சு படபடத்தது. அங்கே ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்." ஒமாகாவில் பொறியாளர்கள் சோதித்தறிந்ததை, பள்ளி வாசல் மிதியாத அம்மூதாட்டி ஒரே தொடரில் சொல்லிவிட்டார்.

இத்தகைய வசதிகளை மறுப்போரும் உளர். அவர்தம் கூற்றையும் செவிமடுத்தல் முறை. மெய்வருந்தி ஏறுவதே நோன்பு என்பர் சிலர். நன்று, படிகள் அங்கேயே இருக்கின்றன, ஏறட்டும். ஏற இயலாதவரைத் தடுப்பதற்குப் படிகளைக் காரணம் காட்டலாகாது. பொறிகளில் ஆபத்துண்டு என்பர் வேறு சிலர். உண்மையே. குல்மார்க்கில் 2017இல் மரம் வீழ்ந்து எழுவர் மாண்டனர், சார்க்கண்டின் தேவ்கர் அருகே 2022இல் கம்பிவட ஊர்திகள் பழுதுற்றுப் பயணியர் பலர் இரவு முழுதும் வானில் தொங்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. பராமரிப்பில் கண்ணுங் கருத்துமாக இருத்தல் வேண்டும் என்பதற்கே இவை சான்று. காற்று மிகுந்தாலும் பராமரிப்பு நாள் வந்தாலும் பழனியில் ஊர்தியை நிறுத்திவைக்கும்போது நாம் முணுமுணுக்கலாகாது. டோலி சுமந்து பிழைத்தோர் நிலை என்னாகும் என்பது மூன்றாவது வினா; இதுவே நம் நெஞ்சைத் தைப்பது. தளர்ந்த உடலை எவ்வாறு பற்றுவது, எவ்வாறு இறக்குவது என்று தோளால் அறிந்தவர்கள் அவர்கள். ஏறுமிடத்தில் முதியோரைக் கைகொடுத்து அமரவைக்கும் பணிக்கு அவரினும் தக்கார் யார்? அவர்க்கே அப்பணியை முதலில் அளித்தல் வேண்டும்.

இனி, நகரும் பட்டை மாணவனைச் சோம்பேறியாக்கும் என்று கருதுவோர்க்கு ஒன்று கூறுவோம். பட்டை அவனுக்காகச் சறுக்குவதில்லை. தொடங்குமிடத்தில் அவனைச் சேர்த்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதன்பின் விழுவதும் எழுவதும் அவனே.

காஞ்சியின் தறியிலும் இந்நெறி உண்டு. கோர்வை நெசவில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பெற்று இணைகின்றன. நெசவாளரின் பக்கத்தில் துணையாள் அமர்ந்து கரை நாடாவை எறிவார். புதியவர் கை பழகிய இடம் அது. அவர் கை தேறும்வரை மூத்தவர் தம் கைவேகத்தைக் குறைத்துக்கொள்வார். இல்லையேல் கோர்வை பிசகும், சேலை கெடும். பள்ளி செல்ல வேண்டிய சிறுவரை அவ்விடத்தில் அமர்த்திய கொடுமையும் இவ்வூரில் நிகழ்ந்தது. அதனை நாம் போற்றவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்ட மூத்தவரின் பொறுமையை மட்டுமே போற்றுகின்றோம்.

அப்பொறுமை நம் வகுப்பறைகளில் உண்டா? சில ஆண்டுகளுக்கு முன், தறிக்குடும்பத்தினின்று வந்த மாணவர் ஒருவர் நம் வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பிற பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில். அவர் பன்னிரண்டாண்டுகள் படித்ததோ தமிழில். தீபாவளி விடுமுறைக்குப்பின் அவர் திரும்பவில்லை. "ஆர்வமில்லாத பையன்" என்று வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு நாம் பாடத்தைத் தொடர்ந்தோம். புரியவில்லை, கேட்க வெட்கமாயிருந்தது என்று அவர் தம் தோழரிடம் சொன்னது ஓராண்டு கழித்தே நம் செவிக்கு எட்டியது. நாற்காலி தன் வேகத்தில் வந்து இடித்தது, அவர் விழுந்தார், நாம் பொறியை நிறுத்தவும் இல்லை. அப்பிழை நம்முடையது.

அரசு கல்விக்கு உதவாமல் இல்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியருக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகிறது. அவ்வுதவி நிலையம்வரை வருவதற்கான வழிச்செலவு. ஏறுமிடத்தில் கைகொடுப்பது ஆசிரியர் கடன்.

ஆதலின் முன்வைக்கும் வேண்டுகோள் இது. முதலாண்டின் முதல் திங்களை, புதியவரை நம் வேகத்துக்குக் கொணரும் காலமாக ஒதுக்குவோம். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைத்துக் கற்பிப்போம். குறிப்பெடுக்கவும் நூலகத்தில் நூல் தேடவும் பழக்குவோம். மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் புதியவர் ஒருவருக்குத் துணையாகட்டும். தொடர்ந்து மூன்று நாள் வாராதவர் இல்லத்துக்கு ஆசிரியர் ஒருவர் சென்று வரட்டும். சமுதாயப் பெரியோர், கட்டடத்துக்கு நல்கும் கொடையில் ஒரு பங்கை இப்பணிக்கும் ஒதுக்கட்டும். தேர்வின் தரத்தைத் தாழ்த்துமாறு நாம் கேட்கவில்லை. மலை அதே உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்த கல்வியாண்டில் கடைசி இருக்கையில் வந்தமரும் மாணவரின் பெயரை, பதிவேட்டைப் பாராமலே நாம் அறிந்திருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.