தீப்பந்தமும் சீவிய உரித்தும்

பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பதைத் ‘தீப்பந்தத்தைக் கைமாற்றுதல்’ என்று ஆங்கிலத்திலே கூறுவர். பண்டைய ஏதென்ஸ் நகரிலே பந்தம் ஏந்தி ஓடும் போட்டி நடைபெற்றது. ஒருவர் கொணர்ந்த பந்தத்தை அடுத்தவர் பெற்று ஓடுவார். விரைவு மாத்திரம் வெற்றி தராது; பந்தம் அணையாமல் எல்லையை அடைதல் வேண்டும். ஆகவே, கொடுப்பவர் தாம் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். விழுந்தவர் கையிலிருந்து பெறுவது பெரும்பாலும் புகையே.

யாழ்ப்பாணத்திலே வேறொரு வழக்கம் உண்டு. தோட்டக் காணியை மகனுக்கு நன்கொடையாக எழுதும் தந்தை தமது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்வார். உறுதியிலே பெயர் மகனுடையது, அனுபவம் தந்தையுடையது. காணிக்கு இது தக்க பாதுகாப்பே. முதுமையிலே அவருக்குச் சோறு வேண்டுமன்றோ? ஆனால், மக்கள் அளித்த தலைமை எவருக்கும் முதுசம் அன்று. அதிலே சீவிய உரித்து எங்ஙனம் பிறக்கும்?

1949 மார்கழியில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்த தந்தை செல்வா 1977 சித்திரையில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே வன்னியசிங்கம், இராசவரோதயம், இராசமாணிக்கம், நாகநாதன், அமிர்தலிங்கம் ஆகியோர் கட்சித் தலைவர் பதவியை வகித்தனர். அதனால் தந்தையின் மதிப்புக் குன்றவில்லை. பொறுப்புத் தாங்கப் பழகியோர் தொகையே பெருகியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2024 தை 21இல் அதே கட்சியினர் வாக்களித்துத் தலைவரைத் தெரிந்தனர். அடுத்த மாதமே அத்தெரிவு தொடர்பான வழக்குத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தை அடைந்தது. அவ்வாண்டு ஆனி 30இல் மூத்த தலைவர் சம்பந்தன், பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவாறே, 91ஆவது வயதில் மறைந்தார். எவரையும் குறை கூறுதல் நமது நோக்கமன்று. ஆயின், சட்டம் பயின்ற நாம் ஒன்றை அறிவோம்: பதவி எவருக்கு உரியதென நீதிமன்றம் தீர்க்கலாம்; மக்களின் நம்பிக்கையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது மாற்றித் தர மாட்டாது.

இளைஞருக்கு அனுபவம் போதாது என்பர். நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவர்? கிளைச் சங்கம் முதல் மத்திய குழு வரை ஒவ்வொரு பதவிக்கும் கால எல்லை வேண்டும். ஒவ்வொரு பதவியாளர் அருகிலும் அடுத்தவர் ஒருவர் நின்று பழகல் வேண்டும். மூத்தோர் ஆலோசனை கூறட்டும், ஆணையிடாதிருக்கட்டும்.

நமது உழவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எத்துணை நல்ல விதைநெல்லாயினும், பருவம் கடந்தபின் கையளித்தால் பயன் என்ன?