குவெவ்ரிக்குக் கைதட்டல், ஜாடிக்குக் கிண்டலா?

போன சனிக்கிழமை இங்கே நியூஜெர்சியில் நண்பர் வீட்டு விருந்து. ஜார்ஜியா (அட்லாண்டா பக்கம் இல்லைங்க, காகசஸ் நாடு) சபெராவி வைனைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் லெக்சர். குவெவ்ரி என்கிற மண்பானையைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, திராட்சையைத் தோல் விதையோடு நொதிக்கவிட்டு, மாசக்கணக்கில் மூடி வைப்பார்களாம். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டதாம். எல்லாம் உண்மைதான். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க தங்கவயல்லயும் கிறிஸ்மஸுக்கு ஜாடியில வைன் போடுவாங்க" என்றேன்.

"அதுவா சார், சர்க்கரைத் தண்ணி!" ஒரே சிரிப்பு.

வந்ததே கோபம். மாரிக்குப்பத்தில் எங்கள் லைனுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. பெங்களூர் ப்ளூ திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் மசித்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை போடுவார். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. 21 நாள் கழித்து வடிகட்டல். அவரிடம் கற்று அம்மாவும் போட்டார்.

சர்க்கரை சேர்த்தால் மட்டமா? பிரான்சிலேயே சில வட்டாரங்களில் சட்டப்படி சேர்க்கிறார்கள். நெப்போலியனின் மந்திரி ஷப்தால் பெயரில்தான் அந்த முறையே இருக்கிறது.

"குடியை ஆதரிக்கிறீங்களா?" என்று சிலர் கிளம்புவீர்கள். சாராயம் கெடுத்த குடும்பங்களை எங்கள் லைனிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். அது ஆன்ட்டி ஜாடியிலிருந்து வரவில்லை. அரசாங்கம் ஏலம் விட்ட கடையிலிருந்து வந்தது. கர்நாடகம் அதை நிறுத்தியதே 2007-ல்தான். வீட்டு ஜாடிக்கு மட்டும் லைசென்ஸ் கேட்கிறது சட்டம். கேரளத்தில் 2019 கிறிஸ்மஸுக்கு முன்னால் கலால்துறை எச்சரிக்கையே விட்டது. இங்கே அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வருஷம் 200 காலன் வரை போடலாம், வரி கிடையாது!

சோவியத் காலத்தில் ஜார்ஜியாவில் வைன் தொழிற்சாலைச் சரக்கானபோது குவெவ்ரியைக் காப்பாற்றியது யார்? விற்பதற்காக இல்லாமல் வீட்டுக்காகப் போட்ட கிராமத்துக் குடும்பங்கள். நம் ஊரில் அந்த வீடுகளே காலியாகின்றன. 2001-ல் சுரங்கம் மூடியது, நாங்கள் கிளம்பினோம், ஆன்ட்டி பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார்.

செப்டம்பரில் இங்கே கான்கார்ட் திராட்சை வரும். பெங்களூர் ப்ளூவின் அதே ஜாதி. ஜாடி வாங்கியாச்சு. அம்மாவிடம் அளவு கேட்டால் "கண்ணளவுதான்டா" என்கிறார். தங்கவயல்காரர்கள் யாராவது கிலோவுக்கு எவ்வளவு சர்க்கரை என்று சொல்லுங்களேன்.